மகாலிங்கம் சேர் வீட்டு நம்பர்

தொலைபேசி அடித்ததும் எடுத்து, "மகாலிங்கம் சேர் வீடு" என்பாள் மஸீனா. அது மகாலிங்கம் சேரின் வீடு அல்ல. மாத்தளை கொங்காவெலயில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்ற ஜமால்தீனுடைய வீடு. மஸீனா அவர் மனைவி. சேரும் அவர் மனைவி சந்திரவதனா டீச்சரும் அப்போது லண்டனில் இருந்தார்கள். ஆனாலும் அந்த எண்ணுக்கு அழைத்தவர்கள் தேடியது அவர்களைத்தான் என்பதால், அப்படிச் சொல்வதுதான் சரி என்று அவள் நினைத்தாள்.

சேருக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, வில்கமுவப் பக்கமெல்லாம் ஜீப்பில் அலைந்து வாய்க்கால் பார்த்தவர், கடைசியில் மாத்தளையிலேயே வீடு கட்டிக்கொண்டார். டீச்சர் தமிழ்ப் பாடசாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு மாத்தளைத் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து, ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது.

உக்குவளையிலிருந்து புதுப் பெண்ணாக வந்த மஸீனாவுக்கு அந்த வீடு மதிலுக்கு அடுத்த பக்கம். அந்த ஒழுங்கையில் தொலைபேசி இருந்த ஒரே வீடும் அதுதான். "மஸீனா, உனக்கு ஃபோன்" என்று டீச்சர் தன் வீட்டுக் குசினிப் பக்கம், மதிலோரம் வந்து கூப்பிடுவார். மஸீனா மாவுக் கையோடு ஓடுவாள். வாப்பாவுக்குக் காய்ச்சல் என்றதும், தங்கைக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது என்றதும் அந்தக் கறுப்பு ரிசீவர் வழியாகத்தான் அவள் காதில் விழுந்தது. பேசி முடித்த பிறகும் டீச்சர் விடமாட்டார். ஒரு தேத்தண்ணீராவது குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்த வீட்டின் முன்பக்கம் எரிந்தது. சேரும் டீச்சரும் ஜமால்தீனின் பின்னறையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தார்கள். தேடி வந்தவர்களிடம் ஜமால்தீன் சிங்களத்தில் நெடுநேரம் பேசி, அவர்களைத் திருப்பி அனுப்பினார். மறுவருடம் லண்டனில் இருந்த மகன் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினான். கொஞ்ச காலம் நின்றுவிட்டு வருவது என்றுதான் பேச்சு.

போவதற்கு முன் டீச்சர் வந்தார்.

"இந்த லைன வெட்டிட்டா எங்கள ஒருத்தருக்கும் தேடிப் பிடிக்க ஏலாது மஸீனா. எல்லார்ட்டயும் இந்த நம்பர்தான் இருக்கு. சேர் எழுதிக் குடுத்தா உங்க வீட்டுக்கு மாத்தி விடுவாங்களாம். வச்சிருப்பியா?"

தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த ஜமால்தீனின் முகம் மலர்ந்தது. மஸீனா அவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"லைன் எங்க வீட்டுல இருந்தாலும் நம்பர் உங்கடதான் டீச்சர். வார செய்தியெல்லாம் உங்களுக்கு வந்து சேரும்."

அவள் சொன்னபடியே நடந்துகொண்டாள். டீச்சரிடம் படித்த பிள்ளைகள் பரீட்சை முடிவு சொல்ல அழைத்தார்கள். நல்லூரிலிருந்து டீச்சரின் அக்கா அழைத்தார். வில்கமுவவில் ஒரு சிங்கள விவசாயி, வயல் அறுத்து முடித்ததும் ஊர்த் தபாலகத்துக்கு வந்து அழைத்து, "மாத்தையா எப்போது வருவார்?" என்று கேட்பார். சேர் பார்த்து வெட்டுவித்த வாய்க்கால்தான் அவர் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் மஸீனா மனதிலேயே வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து அழைப்பு வரும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு ஓடுவது அவளுக்குத் தெரியும். ஆகவே மூச்சு விடாமல் ஒப்புவிப்பாள்.

"நீ இவ்வளவு சுருக்கமாப் பேசுவேன்னு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே" என்பார் ஜமால்தீன்.

எண்பத்தொன்பதில், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி நடந்தபோது, ஊரே பயந்து கிடந்தது. கடைகள் மூடின, பஸ் ஓடவில்லை, தொலைபேசியும் செத்துக் கிடந்தது. லைன் திரும்பி உயிர் பெற்ற அன்று வந்த முதல் அழைப்பு லண்டனிலிருந்துதான். டீச்சர் வேறு யாரைப் பற்றியும் கேட்கவில்லை. "நீங்க எல்லாரும் சுகமா? உண்மையச் சொல்லு" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கொஞ்ச காலம் என்று போனவர்கள் திரும்பவில்லை. எரிந்த வீடு கைமாறி, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடை எழுந்தது. மதிலும் போய்விட்டது. எண் மட்டும் மஸீனா வீட்டில் இருந்தது.

தொண்ணூற்றாறு தை மாதத்தில் ஒரு காலை, லண்டனிலிருந்து சேரின் மகன் அழைத்தான். அப்பா போய்விட்டார் என்றான். மஸீனா "இன்னாலில்லாஹி" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து தொலைபேசி ஓயவில்லை. விசாரிக்க நினைத்தவர்களுக்கு வேறு எந்த எண்ணும் தெரியாது. மறுநாள் ஆட்களே வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் நாகமுத்து. திணைக்களத்தில் சேரின் கீழ் பியோனாக இருந்த கிழவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார்.

"ஐயா வீட்டுக்குப் போவணும்னு பொறப்பட்டேன் தாயி. அங்க கடையா இருக்கு. நான் எங்க போய் ஒக்காந்து அழுவுறது?"

"உள்ள வாங்க. இதுதான் சேர் வீடு" என்றாள் மஸீனா.

வந்தவர்கள் உட்கார ஜமால்தீன் பள்ளிவாசலிலிருந்து கதிரைகளை எடுப்பித்தார். மகள் றமீஸா பெரிய கேத்தலில் தேத்தண்ணீர் வைத்தாள். டீச்சரின் பழைய மாணவிகள் பிள்ளைகளோடு வந்தார்கள். வில்கமுவ விவசாயி விடியற்காலை பஸ் பிடித்து, வெள்ளைச் சட்டை உடுத்தி வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்தார். அந்த மூலையில் நாகமுத்துவும் போய்ச் சேர்ந்துகொண்டார். இருவரும் சேரின் ஜீப் சேற்றில் புதைந்த கதையைத் தொடங்கினார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு கண்ணைத் துடைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் அழைத்தார். அவர் குரல் வறண்டிருந்தது.

"இங்க காலையில நாலு பேர் வந்தாங்க மஸீனா. வேலைக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. உடம்பு கைக்குக் கிடைக்க இன்னும் நாள் போகுமாம். நான் தனியா இருக்கிறன்." பிறகு கேட்டார்: "அங்க என்ன சத்தம்?"

"சேருக்காக வந்திருக்காங்க டீச்சர்."

"யார் யார்?"

மஸீனா பெயர் பெயராகச் சொன்னாள். ரிசீவரை ஒவ்வொருவரிடமும் கொடுத்தாள். சிலர் பேசினார்கள். சிலர் தங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை அடுத்தவரிடம் கொடுத்தார்கள். விவசாயி சிங்களத்தில், "நோனா, தண்ணீர் இப்போதும் வருகிறது" என்றார். கடைசியில் ரிசீவர் திரும்ப மஸீனாவின் கைக்கு வந்தது.

"வைக்காத" என்றார் டீச்சர். "யாரும் பேச வேணாம். அப்படியே மேசையில வச்சிரு. நான் கேட்டுட்டு இருக்கிறன்."

மஸீனா ரிசீவரை மேசையில் மல்லாத்தி வைத்தாள். கதிரைகள் இழுபட்டன. கோப்பைகள் தட்டுப்பட்டன. நாகமுத்து விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். அந்தச் சத்தமெல்லாம் லண்டனில் ஓர் அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. காசு ஓடுமே என்ற நினைப்பு மஸீனாவுக்கு அன்று வரவில்லை. வெகுநேரம் கழித்து அவள் ரிசீவரைக் காதில் வைத்தபோது, டீச்சர் அழுதுகொண்டிருந்தார். சேர் இறந்த பிறகு அவர் முதன்முதலாக அழுதது அப்போதுதான் என்று மகன் பின்னால் சொன்னான்.

சண்டை நின்றிருந்த இரண்டாயிரத்து இரண்டில் டீச்சர் வந்தார். மஸீனா வீட்டில்தான் தங்கினார். ஹார்ட்வெயார் கடைக்கு எதிரே நின்று இருவரும் பார்த்தார்கள். டீச்சரின் குசினி இருந்த இடத்தில் பெயின்ட் வாளிகள் அடுக்கியிருந்தன. "உன்ன நான் கூப்பிட வந்து நிக்கிற இடம்" என்றார் டீச்சர். இருவரும் உள்ளே போகவில்லை.

"இத்தனை வருசமா உனக்கு அலுக்கல்லயா மஸீனா?"

"அலுத்துச்சு டீச்சர். சில நாள் அடிக்கிறப்ப எடுக்காம இருந்தா என்னன்னு நினைப்பேன். அப்புறம் உங்க அக்காவா இருக்குமோன்னு எடுத்துருவேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.

அதற்குப் பின்னால் எல்லாருடைய கையிலும் மொபைல் வந்தது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். லண்டனுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் மலிவான டெலிஃபோன் கார்டு வந்திருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் நெடுநேரம் பேசினார். இன்றைக்கு என்ன கறி, மழை பெய்ததா, மிளகு என்ன விலை போகிறது என்று கேட்பார். மஸீனாவும் காலை நீட்டி உட்கார்ந்து, விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.