மேலிருந்து இரண்டாவது பட்டன்

இருபத்திரண்டு வருடமாக அவர் தன் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டனை மட்டும் தானாகப் போட்டதில்லை. பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் வேலை. ஒரு நிமிடம் பிசகாத மனிதர். மற்ற பட்டன்களைப் போட்டுக்கொண்டு, கிளம்பும்போது மனைவியின் முன்னால் வந்து மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவளும் பேசாமல் மாட்டிவிடுவாள். சட்டைக் கம்பெனிக்காக நாளெல்லாம் பட்டன் தைக்கிறவள் அவள். அத்தனை பட்டன்களில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை தொங்கிப்போய், பேச்சும் குழறியபோது எல்லா பட்டன்களும் அவளுடையவை ஆயின. வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து செய்தாள். ஊட்டினாள், துடைத்தாள், தலை வாரினாள். அழுதாள்தான். ஆனால் அழுகைக்கு நடுவே உள்ளூர ஒரு நிறைவும் இருந்ததே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இரண்டாம் மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி ஆரம்பமானது. பயிற்சி கொடுத்தது பிசியோதெரபி படித்துவிட்டு வந்த இளம்பெண். ஒரு பலகையில் துணியை அடித்து, அதில் ஆறு பெரிய பட்டன்களைத் தைத்து வைத்திருந்தாள். அவருடைய நல்ல கையில் தடித்த துணி உறையை மாட்டினாள்.

"இந்தக் கை ஓடி ஓடி எல்லாத்தையும் செஞ்சா அந்தக் கை சோம்பேறி ஆயிடும் சார். இதுக்குக் கொஞ்சம் லீவு குடுப்போம். அம்மா, வீட்டுலயும் தினம் நாலு மணி நேரம் உறை இருக்கணும். முதல் சில மாசத்துல வர்ற பலன் அப்புறம் அவ்வளவு சுலபமா வராது. சார்ட்டுல டிக் போட்டுக் கொண்டாங்க."

அவர் நடுங்கும் விரலால் ஒரு பட்டனைத் துளைக்குள் தள்ளினார். அந்தப் பெண் கை தட்டினாள். அவர் கோணிய வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

கம்பெனியிலிருந்து சட்டை மூட்டை கொண்டுவருகிறவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வாசலிலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டாள்.

"என்னக்கா, மாமா பயிற்சிக்குப் போற அன்னிக்கு மட்டும் ஷேவ் பண்ணச் சொல்றாராமே?"

"மூட்டைய வச்சிட்டுப் போடி."

"ஏன் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது? நான் என்ன சொல்லிட்டேன்?"

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் உறை போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஸ்பூனோடு மல்லுக்கட்டினார். பாதி சட்டையில் சிந்தியது. "அந்த... பொண்ணு... இப்படித்தான்..." என்றார்.

அவ்வளவுதான். அவள் எழுந்து உறையை உருவினாள். "வேர்க்குது பாருங்க, பாவம்" என்றாள். ஊட்டிவிட்டாள். சார்ட்டில் நாலு மணி நேரத்துக்கு டிக் போட்டாள்.

மறுநாளும் அப்படியே. இப்படியே மூன்று வாரம் போனது. பாவம் பார்த்துத்தான் செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாவம் பார்க்கிறவள் டிக் போடும்போது எதற்கு வாசலைத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

கை இருந்த இடத்திலேயே நின்றது. ஒருநாள் பெரிய தெரபிஸ்ட் வந்து சார்ட்டைப் புரட்டினார். கணவன் மனைவி இருவர் முன்னாலேயே அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல ஒழுங்கா செஞ்சிருக்காங்க. அப்புறம் ஏன் முன்னேற்றம் இல்ல? உன் பயிற்சியிலதான் ஏதோ கோளாறு."

"தெரியல சார். தினமும் யோசிக்கிறேன்" என்றாள் அவள். காது வரை சிவந்துவிட்டது.

கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். குழறியாவது சொல்லிவிடுவாரோ என்று அவளுக்கு உயிரே போனது. அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணை மேல்மாடியில் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இவருக்கு வந்தவர் மீசை வைத்த, தொப்பையுள்ள ஓர் ஆள். அதே பலகை, அதே உறை. அன்றிலிருந்து வீட்டில் நாலு மணி நேரமும் உறை கழலவில்லை. சிந்தினாலும் அவள் எழவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசு உறுத்தித்தான் மாறினாளா, வந்தவருக்கு மீசை இருந்ததால் மாறினாளா? இந்தக் கேள்வியை அவள் இன்றுவரை முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை.

புது ஆள் வந்த ஏழாவது வாரம் ஒரு காலை, கணவர் அரை மணி நேரம் போராடி, எல்லா பட்டன்களையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இரண்டாவது பட்டனும் போட்டிருந்தது. மோவாயைத் தூக்கவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

அன்று ஆஸ்பத்திரியில் அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மேல்மாடிக்கு ஏறினாள். சொல்லவேண்டியதைப் படிக்குப் படி சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் பெண் ஒரு குழந்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அம்மா! சார் கை எப்படி இருக்கு?"

"பட்டன் போட்டுட்டாரு. எல்லாத்தையும்."

"அய்யோ, நிஜமாவா!" அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் எங்க தப்பு பண்ணேன்னுதாம்மா இன்னும் தெரியல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

அவ்வளவு சந்தோஷம் அவர் கைக்காக இவளுக்கு எதற்கு என்று பழைய எரிச்சல் சுள்ளென்று ஏறியது. படியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தை வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டது.

"அவரு கீழ தனியா இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கணவர் இப்போது வேலைக்குப் போகிறார். அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டியது மட்டும் இன்னும் சொல்லாமலே இருக்கிறது.