கூட ஊற்றிய ஒரு லிட்டர்

வக்கீல் சுப்பராமனிடம் கார் ஓட்டிய வீரணன், பதினெட்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. பேரையூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தவர். லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, நாற்பது வயதில் கோச்சடையில் ஒரு அம்பாசிடரோடும் வெள்ளைச் சட்டையோடும் நிலைத்துவிட்டார். யாராவது வண்டியைப் பற்றி ஏதும் சொல்ல வந்தால் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று கையமர்த்துவது அவர் வழக்கம்.

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம், அம்பாசிடருக்கு ஆயில் மாற்ற நல்லகாமனின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். நல்லகாமனுக்கு முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவன். பழைய ஆயிலை வடித்து, புது ஃபில்டர் மாட்டி, புது ஆயிலை ஊற்றினான். இரண்டு நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு அணைத்தான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாப்ள, வேல முடிஞ்சதா இல்லையா?" என்றார் வீரணன்.

"பத்து நிமிசம் பொறுங்கண்ணே. ஆயில் பூராம் கீழ எறங்கட்டும். அளவு பாத்துச் சொல்றேன்."

வீரணன் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் நல்லகாமன் அளவுக்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க. மேக்கோட்டுல சரியா நிக்குது" என்று கூப்பிட்டான். டீயை வைத்துவிட்டு எழுந்து போக வீரணனுக்கு மனசில்லை. இருந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டினார்.

வக்கீல் வீட்டு வாசலில் வண்டி ஏற ஒரு சாய்தளம் உண்டு. முன்சக்கரம் மேலே ஏற, மூக்கைத் தூக்கியபடி நின்றது கார். என்ஜினை அணைத்த கையோடு பானெட்டைத் திறந்து, கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்த்தார் வீரணன். கீழ்க்கோட்டுக்கும் கொஞ்சம் கீழேதான் ஆயில் தெரிந்தது. இன்னொரு தடவை பார்த்தார். அதே அளவு.

நேரே வக்கீலிடம் போனார். "சார், அந்தப் பய ஒரு லிட்டர் ஆயில ஆட்டயப் போட்டுட்டான்."

"அவனைப் பார்த்தா அப்படித் தெரியலையேப்பா" என்றார் சுப்பராமன்.

"கம்பி பொய் சொல்லுமா சார்?"

பெட்ரோல் பங்கில் ஒரு லிட்டர் டின் வாங்கிவந்து முழுவதையும் ஊற்றினார். அடுத்த நாள் கோர்ட்டுக்குப் போகும்போது சுப்பராமன் ஒர்க்‌ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, நாலு வாடிக்கையாளர் நிற்கும்போதே, "உழைச்சுப் பிழைக்கிறவன்னு நம்பி விட்டா, ஆயில்ல கை வைக்கிறியா?" என்றார்.

நல்லகாமனின் முகம் சுண்டிப்போனது. "சார், வண்டிய உள்ள விடுங்க. சமதரையில நிறுத்தி இப்பவே பாத்துருவோம். கொறஞ்சிருந்தா என்னைய என்ன வேணாலும் கேளுங்க."

"எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு. நீ எடுப்பா."

வீரணன் கியரைப் போட்டார். அன்றைக்கு அவருக்கு உள்ளூர ஒரு மிதப்புத்தான் இருந்தது.

அந்த மிதப்பு ஞாயிற்றுக்கிழமை இறங்கியது. வக்கீலும் அவர் மனைவி விஜயமும் எழுமலையில் ஒரு கட்சிக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பினார்கள். செக்கானூரணி தாண்டியதும் வண்டி நீலப்புகை கக்கியது. உசிலம்பட்டியை நெருங்குகையில் கிளட்ச் வழுக்கியது. என்ஜின் அலறியதே தவிர வண்டி நகரவில்லை. தள்ளாத குறையாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்த ஒரு மெக்கானிக்கிடம் சேர்த்தார். வக்கீலும் மனைவியும் எதிரிலிருந்த காபிக் கடையில் போய் உட்கார்ந்தார்கள்.

மருது என்ற அந்த மெக்கானிக் வீரணனைவிடப் பதினைந்து வயது இளையவன். அடியில் குனிந்து ஆயில் ஒழுகுவதைப் பார்த்தான். காத்திருந்து கம்பியை உருவினான். மேல்கோட்டுக்கு மேலே விரல்கடை உயரத்துக்கு ஆயில் ஏறியிருந்தது.

"யாருண்ணே இம்புட்டு ஊத்துனது? கெடக்குற எடம் பத்தாம நொரச்சு, சீல் வழியாப் பிதுக்கி, கிளட்சு வரைக்கும் நனைச்சிருச்சு."

"கொறவா காட்டுச்சுப்பா" என்றார் வீரணன்.

"எப்பப் பாத்தீக?"

"வண்டிய நிப்பாட்டுன ஒடனே."

"எங்க நிப்பாட்டி?"

வக்கீல் வீட்டுச் சாய்தளம் வீரணன் கண்முன் வந்து நின்றது. மருது கேலி செய்யவில்லை. "ஓடுற வண்டியில பாதி ஆயில் மேலதானண்ணே இருக்கும், எறங்க நேரம் வேணும்ல. மேட்டுல நின்னாச் சாஞ்சும் போயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தான். நல்லகாமன் எதற்காகப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் வீரணனுக்கு உறைத்தது. காது மடல் சுட்டது.

சுப்பராமன் வந்து, "என்னவாம்?" என்றார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. ஆனால் வீரணனின் வாயிலிருந்து வந்தது வேறு. "அந்த நல்லகாமன் பாத்த வேலதான் சார். மட்ட ஆயில ஊத்தியிருக்கான். பொங்கிருச்சு."

வண்டிக்கடியில் கிடந்த மருதுவின் கை ஒரு கணம் நின்றது. தலையை வெளியே நீட்டி வீரணனை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு மறுபடியும் உள்ளே போய்விட்டான். அந்தப் பார்வையை வீரணனால் கடைசிவரை விழுங்க முடியவில்லை.

ஒரு மாசம் போனது. வக்கீல் சொன்ன சொல் கோர்ட்டிலும் தெருவிலும் பரவி, காரோ ஜீப்போ ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பவில்லை. வீரணன் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவர் மனைவி அன்னக்கொடி சொன்னாள்: "குழாயடியில இன்னிக்கு நல்லகாமன் பொண்டாட்டி செல்லத்தாயப் பாத்து, ஆயில் திருடன் வீட்டுக்காரி வாரான்னு ஒருத்தி சிரிச்சா. பாவம், அந்தப் புள்ள வெறுங்குடத்தோட திரும்பிப் போயிருச்சு."

வீரணன் கையைக் கழுவினார். சாயந்திரமே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். உசிலம்பட்டியில் சொன்ன பொய்யையும் சேர்த்து.

நல்லகாமன் நிமிரவே இல்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே" என்றான்.

அங்கிருந்து வக்கீல் வீட்டுக்குப் போனார். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனார். சுப்பராமன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "சரி, விடு. ஆறிப்போன சமாசாரம். இப்போ போய்க் கிளறாதே" என்றார். வீரணனுக்கு வசவு வாங்கியதைவிட அது மோசமாக இருந்தது. தப்பை ஒப்புக்கொள்ளாத தம்முடைய முகத்தையே எதிரே இருந்தவரிடம் பார்த்தது போலிருந்தது.

மறுநாள் பெட்ரோல் பங்கில் டிரைவர்கள் கூடும் நேரம் பார்த்துப் போய், எல்லோர் முன்னாலும் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'ஒரு லிட்டர்' என்று அன்றைக்கே பட்டப்பெயரும் வைத்தார்கள். அதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. மெல்ல இரண்டொரு வண்டிகள் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பின.

ஆடி மாசம் விஜயம் பஜாருக்குப் போகும் வழியில், "அந்த மெக்கானிக் கடையில நிறுத்துப்பா" என்றார். வீரணன் திரும்பிப் பார்த்தார். "சார் வரமாட்டார். அன்னிக்கு நீ சொன்னதெல்லாம் உள்ளேயிருந்து கேட்டுண்டுதான் இருந்தேன்" என்றார் விஜயம்.

அவர் இறங்கி, வெயிலில் நின்று, "எங்காத்து மனுஷர் சொன்னது தப்புப்பா. மனசுல வச்சுக்காதே" என்று கைகூப்பினார். நல்லகாமன் பதறிப்போய்க் கையிலிருந்த கிரீஸோடு கும்பிட்டான். "நெழல்ல வாங்கம்மா, நெழல்ல வாங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

வீரணன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அன்றைக்கு இதே இடத்தில் கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பிய தம் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.