புகார் மேசைக் குரல்

ஃபிரிட்ஜ் விற்கும் கம்பெனி ஒன்றில் புகார் மேசை அவளுடையது. காதில் ஹெட்செட், எதிரே திரை, வலது கட்டைவிரலுக்கு அடியில் மியூட் பொத்தான். இருமலோ ஆத்திரமோ வந்தால் அதை அமுக்கிவிட்டு, எதிர்முனைக்குக் கேட்காமல் முடித்துக்கொண்டு திரும்பி வரலாம்.

பயிற்சி கொடுத்தவர் ஆங்கில மன்னிப்பைத் தரம் பிரித்துக் கொடுத்திருந்தார். ஆள் சிடுசிடுத்தால் 'சாரி'. தப்பு கம்பெனி மேல்தான் என்று ஆகிவிட்டால் 'அபாலஜைஸ்'. ஒரு மண்ணும் செய்யப்போவதில்லை என்றால் 'ரிக்ரெட்'. வார்த்தை கனக்கக் கனக்கக் கையை விரிக்கிறார்கள் என்று அர்த்தம். எதைச் சொன்னாலும் கடைசியில் "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மேலாளர் பிடித்துக்கொள்வார். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அவளுக்கு நாக்கு மட்டும் தனியாக வேலைக்குப் போய்வருவது போல் ஆகிவிட்டது.

அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோதும் அவள் அந்த மேசையில்தான் இருந்தாள். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. போய்ப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். எல்லாம் அக்கா தலையில் விழுந்தது. அம்மா போனதற்கப்புறம் இவளுக்கு அழுகையும் வரவில்லை, வீட்டுக்கு அக்காவும் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி நீ ஆஸ்பத்திரிக்கு வரலை? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லு. இல்லைன்னா இதோட விட்டுடுவோம்."

சொந்தம் என்று மிச்சமிருப்பது அக்கா ஒருத்திதான். அது தெரிந்துதான் இவள் வாயைத் திறந்தாள். பயமா இருந்துச்சுக்கா என்று சொல்லத்தான் திறந்தாள்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப ரிக்ரெட் பண்றோம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

குரல்கூட இதமாக இருந்தது. அவளே அதை யாரோ பேசுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பண்றோமா? எத்தனை பேருடி சேர்ந்து பண்றீங்க?" என்றாள் அக்கா. "வேணும்டி. அம்மா கடைசி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தா. அதை நான் ஒருத்தியே எத்தனை நாள் சுமக்கிறது? பாதியை நீ வாங்கிக்கோ."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவளுடைய கட்டைவிரல் சாப்பாட்டு மேசை விளிம்பில் மியூட் பொத்தானைத் தேடியது. தடவித் தடவித் தேடியது.

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.