இளைப்பு யாருக்கு?

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு வைரஸ் நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. மூன்று வயதாகியும் சளி பிடித்தால் இளைப்பு, மருத்துவமனை, எனக்குச் சம்பளமில்லாத லீவு.

போன மாதம் ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் இருக்கும் எங்கள் வீட்டில் அவளை மார்பில் போட்டுத் தூங்கவைத்தேன். 'கீ... கீ...' என்று சத்தம். செருப்பில்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு மனைவியுடன் ஈப்போ கிளினிக்குக்குப் பறந்தேன்.

டாக்டரம்மா மகளையும் என்னையும் சோதித்தார். "அண்ணே, பாப்பா நல்லா இருக்கா. இழுக்கிறது உங்க நெஞ்சு லா. உங்க சளி இவளுக்கு ஒட்டுனாதான் ஆபத்து."

இரண்டு நாளாக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த மகான் நானேதான். மனைவி வீடு வரும்வரை சிரித்தாள். நல்லவேளை, மகளுக்கு ஒட்டவில்லை.

இப்போது ஒரு தும்மல் வந்தாலும் முகக்கவசத்தோடு தனி அறைக்குப் போய்விடுகிறேன். கதவுக்கு வெளியே மகள் காவல்: "அப்பா, மூக்கு ஒழுகுதா? அப்ப உள்ளயே இரு."