எங்கட வாகனம்

முருகனின் மயிலை மதராஸ் துறைமுகத்தில் நிற்கவிட்டு, அதன் இடத்தில் என் மோட்டார் சைக்கிளின் மட்கார்டுகளைக் கப்பலேற்றியவன் நான். தவறுதலாக அல்ல. தெரிந்து, யோசித்து, அதற்கென்று ஒரு சொல்லையும் பொறுக்கியெடுத்துச் செய்தேன்.

வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும்... எனக்கும் முதலில் வந்தது.

எண்பதுகளில் நான் கிழக்கு லண்டனில், சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். குடியிருந்தது டூட்டிங்கில். வீட்டின் பின்புறக் கொட்டிலில் ஒரு பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள் கிடந்தது. என்னைவிட வயதில் மூத்தது. என்ஜின் இருந்தது, முன்னும் பின்னும் சில்லுகள் இருந்தன. பெற்றோல் தாங்கி இல்லை, மட்கார்டுகள் இல்லை, புகைக்குழாய் இல்லை. லண்டனில் அவற்றை வைத்திருந்தவர்கள் நகை விலை சொன்னார்கள்.

மதராஸில் அதே வண்டிகளை ஆங்கிலேயர் விட்டுப் போயிருந்தார்கள். புதுப்பேட்டையில் அவற்றைக் கழற்றித் தகர விலைக்கு விற்றார்கள். வாங்குவது சுலபம். கொண்டுவருவதுதான் கஷ்டம்.

ஏனென்று சொல்கிறேன், என் தொழில் அது. விமானத்தில் நிறைக்குக் காசு, கப்பலில் இடத்துக்குக் காசு. மட்கார்டு என்பது வளைந்த ஒரு தகரம். பெட்டிக்குள் வைத்தால் தகரம் ஓரமாகக் கிடக்கும், மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காற்றுக்கும் கப்பற்காரனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். முழுக் கொள்கலன் எடுக்க வசதியில்லாதவனுக்கு ஒரே வழி, யாருடைய சரக்கில் மிச்ச இடம் இருக்கிறது என்று பார்த்து அதற்குள் நுழைவது. ஊருக்கு ஒருவர் போகிறார் என்றால், "ஆரும் போகினமோ, ஒரு சின்னச் சாமான் குடுத்துவிடலாமோ" என்று ஓடிப்போகிற கூட்டம்தானே நாங்கள். நானும் அதைத்தான் செய்தேன். நான் நுழைந்தது முருகனின் சரக்குக்குள்.

அப்போது நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய மண்டபத்தை வாங்கிக் கோயிலாக்கிக் கொண்டிருந்தோம். பெயர் வேண்டாம். சிலைகள், மணி, குத்துவிளக்குகள் எல்லாம் மதராஸிலிருந்து வரவேண்டியிருந்தன. ஒரு கொள்கலனில் பாதி இடத்தைக் கோயில் எடுத்திருந்தது. கப்பல் விவகாரம் தெரிந்தவன் என்று என்னையே அனுப்பினார்கள். போனேன். சிலைகளைப் பார்த்தேன், பணத்தைக் கட்டினேன்... அடுத்த நாள் புதுப்பேட்டைக்குப் போனேன்.

பொதி கட்டி ஏற்றுகிறவர் செல்வராஜ் என்ற மதராஸ்காரர். என் சாமான்களையும் ஒரு பெட்டியில் போட்டு, இடம் மிஞ்சினால் கோயில் சரக்கோடு ஏற்றச் சொன்னேன். "செய்றேன் சார்" என்றார். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மயிலைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

அது எங்கள் கோயில் கூட்டத்தில் ஒருவரான பரமேஸ்வரி அக்காவின் நேர்த்தி. எண்பத்துமூன்றில் கொழும்பில் கலவரம் நடந்தபோது அவருடைய ஒரே மகன் ரவி அங்கே பள்ளிக்கூட விடுதியில் இருந்தான். அக்கா இங்கே லண்டனில். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று நாட்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. பிள்ளை உயிரோடு வந்து சேர்ந்தால் முருகனுக்கு மயில் வாகனம் செய்து தருவேன் என்று வேண்டிக்கொண்டார். ரவி வந்து சேர்ந்தான். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இரண்டு ஷிப்ட் வேலை செய்து அந்த மயிலுக்குக் காசு சேர்த்தார். தோகை விரித்த மர மயில். நான் தச்சரின் பட்டறையில் அதைப் பார்த்தேன். கண்கள் அவ்வளவு அழகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. செயலாளர் துரைசிங்கம் அண்ணையின் வீட்டில் நிர்வாகசபைக் கூட்டம். தொலைபேசி அடித்தது. மதராஸிலிருந்து செல்வராஜ், என்னைக் கேட்டார்.

"சார், செலைப் பொட்டியெல்லாம் நெனச்சதவிடப் பெருசாப் போச்சு. எடம் பத்தல. ரெண்டு வாகனத்துல ஒண்ணுதான் போவும். சாமி வாகனத்த நிறுத்தவா, ஒங்க வாகனத்த நிறுத்தவா?"

பக்கத்தில் துரைசிங்கம் அண்ணை நின்றார். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னேன்: "எங்கட வாகனம் கட்டாயம் வரவேணும்."

"ஒங்களோடதுதானே சார்?"

"ஓம். எங்கட."

கவனித்தீர்களா? யாழ்ப்பாணத்தில் 'எங்கட' என்றால் வீடு, கோயில், ஊர் எல்லாம் அடங்கிவிடும். சொந்தக் காரைக்கூட 'எங்கட கார்' என்போம். துரைசிங்கம் அண்ணையின் காதில் அது கோயிலின் மயில். செல்வராஜின் காதில் அது என் பெட்டி. ஒரே சொல், இரண்டு பேருக்கும் பொய் இல்லை. தொலைபேசியை வைத்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மயில் அடுத்த கப்பலில் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கெடுதல் நினைக்கவில்லை... இந்த வரியை எழுதிவிட்டு நிறுத்திப் பார்க்கிறேன். உண்மையா? கெடுதலையும் நினைக்கவில்லை, அக்காவையும் நினைக்கவில்லை. அதுதான் சரியான கணக்கு.

கொள்கலன் வந்த நாள் நல்ல குளிர். பரமேஸ்வரி அக்கா பட்டுச் சேலைக்கு மேல் கனத்த கோட் போட்டுக்கொண்டு, தட்டில் கற்பூரமும் சந்தனமும் குங்குமமுமாக வந்து நின்றார். ரவியையும் கூட்டி வந்திருந்தார். சிலைப் பெட்டிகள் இறங்கின. கடைசியாக ஒரு பெரிய பலகைப் பெட்டி இறங்கியது. அதன்மேல் செல்வராஜ் கறுப்பு மையில் தமிழில் எழுதியிருந்தார்: வாகனம்.

அக்கா அதற்கு முன்னால் போய்க் கற்பூரம் காட்டினார். பலகைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். "ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுவந்திட்டாய், அப்பனே" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரவியையும் கும்பிட வைத்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்... என் மட்கார்டுகளுக்குப் பூசை நடந்தது.

யாரோ பெட்டியைத் திறக்கச் சுத்தியலோடு வந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அதைத் திறக்காதேங்கோ. அது என்ர சொந்தச் சாமான். நான் தனியாக் காசு கட்டினது."

"அப்ப மயில்?" என்றார் அக்கா.

"அது இடம் காணாமல் நிண்டிட்டுது போல அக்கா. அடுத்த கப்பலில வரும்."

துரைசிங்கம் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் ரெலிபோனில எங்கட வாகனம் வரவேணும் எண்டுதானே சொன்னனீர்?"

"ஓம் அண்ணை. சொன்னனான். அவர்தான் மாத்திப் போட்டார்."

"அவையின்ர தமிழ் வேற, எங்கட தமிழ் வேற. விளங்கியிருக்காது" என்றார் அண்ணை. எல்லோரும் தலையாட்டினார்கள். செல்வராஜுக்குக் கடுமையாக எழுதினார்கள். சார் சொன்னதைத்தான் செய்தேன் என்று அவர் பதில் போட்டார். அதை ஒருவரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு கோயில் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். தாங்கியில் ஒரு நெளிவு இல்லை. மட்கார்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் படுத்திருந்தன. நான் சந்தோஷப்பட்டேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கோடையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் இடத்துக்கு அதை ஓட்டிப் போனேன். அதுவரை எனக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிற ஜோன் என்ற வெள்ளைக்காரர், தாங்கியைத் தடவிப் பார்த்து, என் பெயரைக் கேட்டார். பத்து வருடம் லண்டனில் இருந்தவனுக்கு அது பெரிய விஷயம். உங்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

அந்தக் கோடைக்கு முன்பே, மயில் அடுத்த கப்பலில் ஏறுமுன், மதராஸில் மழை வந்துவிட்டது. கிடங்குக்குள் தண்ணீர். மயில் ஊறி, கழுத்து வெடித்து, வர்ணம் கழன்றது. தச்சர் பார்த்துவிட்டுப் பின்னப்பட்டது என்று சொல்லிவிட்டார். பின்னப்பட்ட வாகனத்தில் சுவாமி ஏறக்கூடாது. செய்தி வந்தது, அவ்வளவுதான். அந்த வருடத் திருவிழாவில் முருகனைத் தோளில் தூக்கிச் சுற்றி வந்தோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

திருவிழா முடிந்த அன்று, செருப்பு கழற்றும் இடத்தில் அக்கா எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, உங்களுக்குத்தான் கப்பல் விசயம் தெரியும். உண்மையா இடம் இல்லாமலோ நிண்டது? இல்லாட்டி முருகன்தான் வேண்டாம் எண்டவரோ?"

இந்த இடத்தில் நான் திருந்தியிருக்கலாம். வேறு எங்கேயும் இல்லாவிட்டாலும் இந்த இடத்தில். "அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்" என்று சொல்லியிருந்தால், அக்கா என்னைத் திட்டியிருப்பார். ஊர் சிரித்திருக்கும். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

நான் சொன்னது: "எல்லாம் அவன் செயல், அக்கா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு போனார். மயிலை விட்டது ஆசையில் செய்த பிழை. இது என்ன? கடவுளை முன்னால் தள்ளிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்ததற்கு எந்தப் பெயர் வைப்பது? நீங்களே வையுங்கள்... எனக்கு வரவில்லை.

தன் நேர்த்தியை முருகன் ஏற்கவில்லை என்று அக்கா அன்று முடிவெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டை விட்டார், பிறகு ஒவ்வொரு சஷ்டியும். ரவி பந்து விளையாடிக் காலை முறித்தால் அதற்கும் அந்த மயில். பள்ளிக்கூடச் சோதனையில் தவறினால் அதற்கும் மயில். அவனைக் கார் பழக விடவில்லை. என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருமுறை ஏறிப் போக ஆசைப்பட்டான். அக்கா அழுது தடுத்துவிட்டார். தலைசுற்றி இரண்டு முறை வேலையிடத்திலேயே விழுந்தார். டொக்டர் சொல்லியும் விரதத்தை விடவில்லை.

படிப்பு முடிந்ததும் ரவி கனடாவுக்குப் போய்விட்டான். போகுமுன் என்னிடம் வந்தான்.

"அம்மா என்னைப் பிள்ளையாப் பாக்கேல்லை அங்கிள். திருப்பிக் குடுக்கவேண்டிய சாமான் மாதிரிப் பாக்கிறா. என்னால ஏலாது."

நான் அவனுக்கு நல்ல பெட்டிகள் இரண்டு கொடுத்து, சாமான்களை மலிவாக அனுப்பும் வழியையும் சொல்லிக்கொடுத்தேன்.

இதை நான் எழுதுவது தொண்ணூறுகளின் கடைசியில். இப்போது சாமான் அனுப்புவது சுகமாகிவிட்டது. தொலைபேசியில் நீளம், அகலம், உயரம் சொன்னால் மறுமுனையில் இருக்கும் பெண் விலை சொல்லிவிடுகிறாள். பெட்டியை ஏற்ற வாசலுக்கே வான் வண்டி வருகிறது. டூட்டிங்கில் மரக்கறிக் கடையிலேயே கப்பலுக்குப் பெட்டி எடுக்கிறார்கள். பழைய வண்டிப் பாகங்களுக்கென்றே வாரா வாரம் பலருடைய பொதிகளை ஒன்றுசேர்த்து ஏற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். விமானக்காரர்கள் மட்டும் விழித்துக்கொண்டார்கள். பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி அதையும் நிறையாக்கி, காற்றையும் நிறுத்துக் காசு வாங்குகிறார்கள். ஆனாலும் இன்று ஒரு தாங்கிக்காகவும் இரண்டு மட்கார்டுக்காகவும் ஒருவன் களவு செய்யத் தேவையில்லை. அன்றும் தேவையிருக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் போதும்.

வண்டியை விற்றுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. மழையில்லாத ஞாயிறுகளில் ஓட்டுகிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது.

போன மாதம் பரமேஸ்வரி அக்கா என் வீட்டுக்கு வந்தார். முழங்கால் ஏலாது, படியேற நேரமெடுத்தது. பென்ஷனில் மிச்சம் பிடித்து இன்னொரு மயிலுக்குச் சொல்லியிருக்கிறாராம்.

"இப்ப அனுப்பிறது மலிவெண்டு சொல்லுகினம் தம்பி. நீங்கள்தான் பாத்துச் செய்ய வேணும்."

தச்சர் கொடுத்த அளவைக் கேட்டு, அவர் முன்னாலேயே தொலைபேசி எடுத்து விலை கேட்டுச் சொன்னேன். கப்பற்கூலி என் பொறுப்பு என்றும் சொன்னேன். அக்காவின் கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"போனமுறை நான் என்ன பிழை விட்டனான் தம்பி? தெரிஞ்சால் இந்தமுறை திருத்தலாம்."

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அக்கா."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. பிழை இல்லாமல் அவர் வேண்டாமெண்டு சொல்லுவாரே?"

நான் வாயைத் திறந்தேன். அவருடைய கையைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக, நரம்பு தெரிகிற கை. இத்தனை வருடப் பட்டினியும் ஒன்றுக்கும் இல்லை, மகன் வீட்டைவிட்டுப் போனதும் ஒன்றுக்கும் இல்லை என்று இவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விடுவது அவருக்காகவா, எனக்காகவா? எனக்காகத்தான். அவருக்காக என்று நினைக்க எனக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவே.

கப்பல் விலையை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன்.

அக்கா எழும்பி, கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்று திரும்பினார்.

"மயிலின்ர பீடத்தில உபயம் எண்டு போடேக்கை ரவியின்ர பேருக்குக் கீழ உங்கட பேரையும் போடச் சொல்லப்போறன் தம்பி. அண்டைக்கும் இண்டைக்கும் இதுக்காகக் கஷ்டப்பட்டது நீங்கள்தானே. உங்கட முழுப்பேர் என்ன?"

சொன்னேன். முதலெழுத்தையும் சேர்த்தே சொன்னேன்.