என் நாய் நக்கிய சவரியின் கை

சவரிமுத்து போய்விட்டான் என்று அவன் மகள் ரீத்தா போன் செய்தபோது நான் காலைக் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். போன் காதில் இருக்க, கண் என் நாய் சின்னியிடம் போனது. அது சோபாவுக்கு அடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. 'உனக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடுச்சு' என்று மனம் ஒரு நொடி துள்ளியது. அப்புறம்தான் அழுகை வந்தது. அவனை அறிந்த உங்களிடம் அந்த நொடியை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வாசிப்பதற்காக, நான் சொல்லச் சொல்ல ரீத்தாதான் எழுதுகிறாள்.

சவரியும் நானும் ஜூரோங் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் இருந்தோம். நான் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் அவனுக்குத்தான். பேப்பரை எல்லாருக்கும் கேட்க வாசிப்பான். ஊரிலிருந்து வந்த என் கடிதங்களையும் அவன்தான் வாசித்தான். என் தம்பி செத்த செய்தி அவன் குரலில்தான் எனக்கு வந்தது. நல்லது செய்தவன்மேல் பொறாமைப்படுவது பாவம். எனக்கு அது சுலபமாக வந்தது.

வேலையை விட்டபின் இருவருக்கும் ஃபேரர் பார்க்கில் ஒரே அடுக்குமாடி புளோக். பூன் லே பக்கம் வீடு மாறிய என் மகன் விட்டுப்போன குட்டை நாய் சின்னி. சவரியிடம் இல்லாத ஒன்று கடைசியில் என்னிடம் வந்தது என்று நினைத்தேன். அதுவும் நிலைக்கவில்லை.

ஒரு காலை புளோக்குக் கீழே பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னி அவன் மணிக்கட்டை நக்கியது, முனகியது, முழங்காலில் காலைப் போட்டுப் பிறாண்டியது. நான் கோழித்துண்டை நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னடா, பையில கருவாடு வச்சிருக்கியா?" என்றேன்.

"எங்கிட்ட இருக்கிறதெல்லாம் இனிப்பு நீர் வியாதிதான்டா" என்று சிரித்தவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தான். மூன்று புள்ளி இரண்டு. அந்த மீட்டர் கணக்கில் நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது, மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தது. சர்க்கரை இறங்கும்போது மூச்சிலும் வேர்வையிலும் வாசனை மாறும், சில நாய்கள் அதைப் பிடித்துவிடும் என்று அவனுடைய நர்ஸ் சொன்னாராம். அதை அவன் பெஞ்சில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"பாருங்க லா, இவன் நாய் என் ரத்தத்தையே படிக்குது. டேய் மாணிக்கம், அதுக்கே படிக்கத் தெரியுது, உனக்குத்தான் தெரியல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து சின்னியைப் பெஞ்சுப் பக்கம் விடாமல் கால்வாய்ப் பக்கம் நடத்தினேன். அது திரும்பித் திரும்பிப் பார்க்கும். வாரை இழுப்பேன்.

ஆறாம் நாள் சின்னி நடுவழியில் உட்கார்ந்துவிட்டது. பிறகு என்னை இழுத்துக்கொண்டு திரும்பி ஓடியது. அவ்வளவு தூரம் வாசனை வருமா, பழகிய வழிக்கு ஏங்கியதா, எனக்குத் தெரியாது. பெஞ்சில் சவரி சட்டை நனைந்து தனியாக இருந்தான். பேச்சு குழறியது. கையிலிருந்த மிட்டாயின் தாளைப் பிரிக்கத் தெரியவில்லை. கிரேனையே திருப்பிய கை. கோப்பிக்கடையில் பாக்கெட் பழச்சாறு வாங்கி வந்து மடக்கு மடக்காகக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்து, "ஆறு நாளா எங்கடா போன?" என்றான்.

"கால்வாய்ப் பக்கம் காத்து நல்லா இருக்கு" என்றேன்.

"அப்படியா" என்றான். அதற்குமேல் கேட்கவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தான், ஒருநாளும் கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் ரீத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுதும்மா. உங்கப்பாவைக் கிட்டத்தட்டக் கொன்னிருப்பேன். அதையும் எழுது."

"அங்கிள், அப்பாவுக்குத் தெரியும். நாலாம் நாளே நான் உங்க வீட்டுக்கு வரேன்னேன். 'போகாதே, நான் பேசினது தப்பு. அவன் கோவம் ஒரு வாரம் தாங்காது'ன்னு தடுத்துட்டாரு."

பெருந்தன்மையிலும் என்னை அவன் முந்திவிட்டான். அதைக்கூட அவள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பெஞ்சில் அவன் குழறிய அன்று முதல் அவனுக்காக, தாள் பிரித்த மிட்டாய்களைச் சின்ன டப்பியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இன்றும் அது பையில் இருக்கிறது. அவனுடையதாக என்னிடம் இருப்பது அந்த டப்பியும், அவனுடைய பெஞ்சும்தான். காலையில் அங்கே உட்கார்ந்து சின்னியிடம் கையை நீட்டுகிறேன். ஒருமுறை முகர்கிறது. வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

"உங்க உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம், அங்கிள்" என்கிறாள் ரீத்தா.

தெரியும் அம்மா. இருந்தாலும் நீட்டிய கையை உடனே எடுக்க மனம் வருவதில்லை. சவரி, இன்னும் எனக்கு உன்மேல் பொறாமைதான்டா.