டெல்லி அப்பளத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டு

பொருட்காட்சிகளில் விற்கும் டெல்லி அப்பளத்தில் சத்து என்று ஒன்றும் கிடையாது. மாவு, உப்பு, அப்பளக்காரம், மத்தியானத்திலிருந்து காய்ந்து கறுத்த எண்ணெய். போதாதென்று மேலே தூவும் மிளகாய்த்தூளிலும் உப்பு. புரதத்தைத் தேட வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததுதான் வினை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் கொடுத்த தாளை லேமினேட் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். பணியில் இருந்த காலத்தில் எந்த விதிமுறையையும் நான் அவ்வளவு பக்தியோடு அமல்படுத்தியதில்லை. இரண்டு வருடம் உப்பில்லாத ரசத்தை அவள் வாய் பேசாமல் சாப்பிட்டாள்.

போன வருடம் திருச்சியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் கூட்டிப்போனேன். ராட்டினம், வளையல் கடை எதையும் அவள் பார்க்கவில்லை. நேராக அப்பளக் கடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு வாங்குங்க."

"அதுல எவ்வளவு உப்பு தெரியுமா?"

"முழுசா யாரு கேட்டா? ஒரு துண்டு போதும். வாய் செத்துப்போச்சுங்க."

கடைக்காரர் எண்ணெயை வடித்தபடி, "ஆசைப்படுறாங்கல்ல சார், தூள் போடாம தரேன்" என்றார்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அடுத்த வாரம் வருவோம்."

"அப்பளத்துக்கும் மேலிடத்து உத்தரவு வரணுமா?" என்று சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அடுத்த வாரம் டாக்டரிடம் கேள்விகளை எண் போட்டு எழுதிக் கொண்டுபோனேன். கால் வீக்கம், தூக்கமின்மை, அதற்கடுத்து அப்பளம். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு துண்டுதானே சார்? அன்னைக்கே குடுத்திருக்கலாமே."

"எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். மருந்துச் சீட்டின் அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அங்கிருந்தே பொருட்காட்சிக்குப் போனோம். அந்த ஒரு வாரத்தில் அவளுக்குக் குமட்டல் கூடியிருந்தது. கடைவரை நடக்க முடியாமல் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். நான்தான் சூடாக வாங்கி வந்தேன். ஓரத்தில் சிறிது ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியலைங்க. அன்னைக்கு அந்த வாசனையே என்னமோ பண்ணுச்சு. இன்னைக்கு வயித்தப் பிரட்டுது."

ஒன்றரை மாதத்தில் போய்விட்டாள். கடைசியாக அவள் என்னிடம் ஆசையாகக் கேட்ட தின்பண்டம் அதுதான். அன்றைக்கு வாயில் போட்டதைத் துப்பிவிடச் சொல்லி ஆட்டோவுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கஷ்டப்பட்டு மென்று, தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாள்.